குழாய்த் தண்ணீரின் பரிசோதனை முடிவு: ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தார் கேட்டுப் பெற வேண்டியது

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் என்றதும் வீட்டு வாசலில் பதித்த குழாய்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால், ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வீதம், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 தரத்துக்கு உட்பட்ட குடிநீரைத் தொடர்ந்து வழங்குவதே அத்திட்டத்தின் நோக்கம். ஆகவே தண்ணீர் வருகிறதா என்பதோடு, வருகிற தண்ணீர் குடிக்கத் தக்கதா என்பதற்கும் விடை கேட்கும் உரிமை கிராமத்தாருக்கு இருக்கிறது.

நாம் வழக்கமாக நாக்கை வைத்தே தண்ணீரை மதிப்பிடுகிறோம். உப்புக் கரித்தால் குறை சொல்கிறோம். தெளிவாகவும் சுவையாகவும் இருந்தால் நல்ல தண்ணீர் என்று குடத்தை நிரப்பிக்கொள்கிறோம். ஃபுளூரைடு, நைட்ரேட், மலத்தால் கலக்கும் நுண்ணுயிரிகள் ஆகிய மூன்றும் பெரும்பாலும் கண்ணோ நாக்கோ அறியாதவை. தர விதிப்படி ஃபுளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம். நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை நுண்ணுயிரி 100 மில்லிலிட்டர் நீரில் அறவே தென்படக் கூடாது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதன் பொருள் நன்றாகத் தெரியும். அங்குள்ள பாறைகளின் ஊடே ஊறும் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளூரைடு மிகுந்திருந்ததால், பல ஊர்களில் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்தது. ஆண்டுக்கணக்கில் அதையே குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். காவிரி நீரைக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே வந்தது. காய்ச்சிக் குடித்தால் போதும் என்ற அறிவுரை இங்கே பயன்படாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்: காய்ச்சுவதால் நுண்ணுயிரிகள் சாகும், ஃபுளூரைடும் நைட்ரேட்டும் போகாது, நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடவே செய்யும். நைட்ரேட் மிகுந்த நீரில் பால்மாவைக் கரைத்துக் கொடுப்பது, குறிப்பாக ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆபத்தானது.

சோதனை இரண்டு நிலைகளில் நடக்க வேண்டும் என்பது திட்டத்தின் ஏற்பாடு. ஒவ்வொரு நீராதாரத்தையும் இரசாயனக் கூறுகளுக்காக ஆண்டுக்கு ஒரு முறையும், நுண்ணுயிரிகளுக்காக மழைக்காலத்துக்கு முன்னும் பின்னுமாக இரு முறையும் ஆய்வகத்தில் பரிசோதிக்க வேண்டும். தமிழ்நாட்டில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் இப்பணியைச் செய்கின்றன. இதனோடு, ஊருக்கு ஐந்து பெண்களைத் தேர்ந்து, களப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தர வேண்டும் என்றும் திட்டம் சொல்கிறது. மருந்துத் துளிகளை இட்டு, மாறும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு அளவைக் கணிப்பது கற்றுக்கொள்ளக் கூடிய வேலைதான். நுண்ணுயிரிச் சோதனைக் குப்பியில் ஊற்றிய நீர் ஓரிரு நாளில் கறுத்துப் போனால் மலக் கலப்பு இருக்கலாம் என்று பொருள். இந்தப் பெட்டி தருவது எச்சரிக்கையை மட்டுமே; ஐயம் எழுந்தால் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி செய்ய வேண்டும்.

கிருமிகளைக் கொல்ல நீரில் சேர்க்கும் குளோரின் எஞ்சியிருக்கிறதா என்ற சோதனையை மேல்நிலைத் தொட்டியின் அடியில் செய்துவிட்டு நிறுத்திக்கொள்வது சரியன்று. லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின், தெருவின் கடைசி வீட்டுக் குழாயிலும் இருக்க வேண்டும். அங்கே அது இல்லையென்றால், பிளீச்சிங் பவுடர் போதவில்லை அல்லது வழியில் எங்கோ குழாய் உடைந்து கழிவுநீர் புகுகிறது என்றே முதலில் ஐயுற வேண்டும்.

குறைந்த கட்டணத்தில் பொதுமக்களும் தங்கள் வீட்டு நீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதிக்கலாம். நுண்ணுயிரிச் சோதனைக்குக் கிருமி நீக்கிய பாட்டிலை ஆய்வகத்திலிருந்தே வாங்கிக்கொள்வது நல்லது. வீட்டுப் பாட்டிலில் எடுத்த மாதிரியின் முடிவை நம்ப முடியாது. குழாயைச் சில நிமிடம் திறந்துவிட்ட பிறகு நீரைப் பிடித்து, குளிர்ச்சியாக வைத்து, 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும்.

முடிவு கைக்கு வந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது என்பது என் கருத்து. எண்கள் பதிவேட்டில் ஏறுகின்றன. குடத்தோடு நிற்பவருக்கு அவை எட்டுவதில்லை. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அவற்றுள் மார்ச் 22 கூட்டம் உலகத் தண்ணீர் தினத்தன்றே வருகிறது. அன்று நம் ஊர்த் தண்ணீர் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது, முடிவு என்ன, குறை இருந்த ஆதாரத்துக்கு மாற்றாக என்ன ஏற்பாடு நடந்தது என்ற மூன்று கேள்விகளைக் கேட்டு, விடைகளைத் தீர்மானத்தில் பதியச் சொல்லலாம். விடை கிடைக்காவிட்டால், 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். அவர் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். விண்ணப்பத்தில் ஆய்வறிக்கையின் நகல் வேண்டும் என்று வெளிப்படையாக எழுதுங்கள்; தண்ணீர் பாதுகாப்பானதா என்று மட்டும் கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் வந்துவிடும்.