ஃபைட்டர் மீனுக்குக் கண்ணாடிக் கிண்ணம் போதாது

இந்த வாரமும் அதே கதைதான். பிறந்தநாள் பரிசாக வந்த ஃபைட்டர் மீன், உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடிக் கிண்ணம், அடியில் கலர் கற்கள். துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, வால் நுனி கிழிந்து, மீன் சாய்ந்து கிடக்கிறது. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர்." மீன் கழிவிலிருந்து சேரும் நஞ்சான அமோனியாவைக் காட்டும் சோதனை மருந்தைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டால், மஞ்சளாக நிற்க வேண்டியது கரும்பச்சைக்குப் போகிறது. இந்தத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு வாலுக்கு மருந்து ஊற்றிப் பயனில்லை.

"மாட்டுக் குளம்படித் தண்ணீரிலேயே வாழும் மீன், சின்ன இடம் போதும்" என்று கடையில் சொன்னார்களாம். தயவுசெய்து நம்பாதீர்கள். இதன் பூர்விகம் தாய்லாந்து. சாவோ பிரயா ஆற்றுப்படுகையின் நெல்வயல்களிலும் சதுப்புகளிலும் வாழ்வது. அங்கே தண்ணீர் ஆழமில்லை, உண்மைதான். ஆனால் வயலுக்கு வயல் தொடர்ந்து பரந்து கிடக்கும். ஒவ்வோர் ஆணும் தனக்கென்று எல்லை வைத்து, செடிகளுக்கிடையே நுரைக்கூடு கட்டிக் குஞ்சுகளைக் காக்கும். கழிவைச் செடிகளும் சேற்றிலுள்ள பாக்டீரியாக்களும் எடுத்துக்கொள்ளும். வறட்சியில் வற்றிய குட்டையில் சில மீன்கள் தாக்குப்பிடிப்பது உண்டு. பஞ்சத்தில் கஞ்சி குடித்துப் பிழைத்தவனுக்கு ஆயுளுக்கும் கஞ்சியே போதும் என்போமா?

"காற்றைச் சுவாசிக்கும் மீனாச்சே?" சுவாசிக்கும். ஆக்சிஜன் குறைந்த நீரில் அது உதவும். அமோனியா செவுளை அரிப்பதை அது தடுக்காது.

2019இல் தாய்லாந்து இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. அங்கே வயல்கள் கட்டடங்களாகின்றன, தப்பிய பண்ணை மீன்கள் காட்டு மீன்களோடு கலக்கின்றன. காட்டு இனமே இப்போது சிக்கலில் இருக்கிறது.

சரி, வாங்கியாகிவிட்டது. இருபது லிட்டர் தொட்டியாவது வையுங்கள், மெதுவாக ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு. குழாய்த் தண்ணீர் என்றால் முதலில் குளோரினை நீக்குங்கள். வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். மொத்தத்தையும் கொட்டிவிட்டு, கல்லைச் சோப்புப் போட்டுக் கழுவும் பழக்கத்தை இன்றே விடுங்கள், நல்ல பாக்டீரியாவும் அதோடு போய்விடுகிறது. ஏசி அறையில் ஹீட்டர் வேண்டும். 25 டிகிரிக்குக் கீழே போக விடாதீர்கள். குதிக்கும், அதனால் மூடி போடுங்கள், நீருக்கு மேலே காற்றுக்கு இடம் விட்டு. இது பூச்சி தின்னும் மீன், பிரெட் வேண்டாம். இரண்டு ஆண்களைச் சேர்த்து விடவே கூடாது.

வளர்க்க முடியாவிட்டால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். கிணற்றிலோ ஏரியிலோ விட்டுவிடாதீர்கள்.