சாம்பல் கலந்த சிமெண்ட் கலப்படமா?

சிமெண்ட் மூட்டையில் 'பிபிசி' (PPC, போர்ட்லேண்ட் பொசலானா சிமெண்ட்) என்ற எழுத்துகளைப் பார்த்ததும், "இது சாம்பல் கலந்தது, வேண்டாம்" என்று ஒதுக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அனல் மின் நிலையச் சாம்பல் கலந்திருப்பது உண்மைதான். இந்தியத் தரவிதிகளே 15 முதல் 35 சதவீதம் வரை அனுமதிக்கின்றன. ஆனால் அதைக் கலப்படம் என்பது பெரிய தவறு.

நீர் கசியும் பழைய மொட்டை மாடியின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். விரிசலை ஒட்டி வெள்ளையாகப் பூத்திருக்கும்; சில இடங்களில் சிறு விழுதாகவே தொங்கும். சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரியும்போது ஜல்லியையும் மணலையும் இறுகப் பற்றும் கால்சியம் சிலிக்கேட் பசை உண்டாகிறது. கூடவே கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற சுண்ணாம்பும் உண்டாகிறது. இந்தச் சுண்ணாம்பால் வலிமைக்குப் பெரிய பயன் இல்லை. கசியும் நீரில் கரைந்து வெளியே வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளையாகப் படிகிறது. அது கரைந்துபோன இடமெல்லாம் துளை.

சாம்பலுக்கு வேலை இங்கேதான். அனல் மின் நிலையத்தில் நிலக்கரித் தூள் எரியும்போது, அதிலுள்ள களிமண் உருகி, புகையோடு போகிற போக்கிலேயே குளிர்ந்து கண்ணாடி உருண்டைகளாகிவிடுகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் கோலிக்குண்டுகளைக் கொட்டிவைத்ததுபோல் இருக்கும். உருண்டையாக இருப்பதால் கலவை எளிதில் வழுகி ஓடுகிறது, தண்ணீரைக் குறைத்துக்கொள்ளலாம். பிறகு இந்தக் கண்ணாடியிலுள்ள சிலிக்கா, வீணாகக் கிடக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து அதே பசையை மேலும் உண்டாக்குகிறது. துளைகள் அடைபடுகின்றன. கடலோர ஊர்களில் உப்பு கம்பியைத் தொட்டுத் துருப்பிடிக்கவைக்க அதிகக் காலம் பிடிக்கும்.

இது நமக்குப் புதிதும் அல்ல. 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையில் சுண்ணாம்போடு சேர்த்தது சுர்க்கி, அதாவது சுட்ட செங்கல் பொடி. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்பைப் பசையாக்கும்.

ஒரு குறையும் உண்டு: வேகம் போதாது. சிமெண்ட் முதலில் சுண்ணாம்பைத் தந்தால்தான் சாம்பல் வேலையைத் தொடங்க முடியும். அதனால் முதல் சில நாட்களில் வலிமை குறைவாகவே தெரியும்; 28 நாட்களுக்குப் பிறகும் ஏறிக்கொண்டே போகும். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம் காக்க வேண்டும் என்கிற கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456, சாம்பல் கலந்ததற்கு 10 நாள் கேட்கிறது; வெயில் காலத்தில் 14 நாள் நல்லது. மாடியில் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கியவர்கள் ஐந்தாம் நாளே அதை வடித்துவிட்டால், அந்தக் கோலிக்குண்டுகளில் பெரும்பாலானவை சுண்ணாம்போடு சேராமல் வெறும் கண்ணாடியாகவே உள்ளே தங்கிவிடும்.