ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய கணினி

அண்ணன் மகளின் மடிக்கணினியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விண்டோஸுக்குப் பக்கத்தில் உபுண்டு என்ற லினக்ஸையும் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலை போன் வந்தது. "சித்தப்பா, மணி ஒன்பது ஆகுது. விண்டோஸ்ல போனா மூன்றரைன்னு காட்டுது. என்ன பண்ணி வெச்சீங்க?"

வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம் என்றதுமே காரணம் பிடிபட்டுவிட்டது. மதர்போர்டில் ஒரு சின்னக் கடிகாரம் உண்டு. கணினியை அணைத்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு இந்தியா, இங்கிலாந்து எதுவும் தெரியாது. வெறும் எண்ணைத்தான் வைத்திருக்கும். அந்த எண்ணை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்திலிருந்து வந்த பழக்கம். லினக்ஸோ அதை உலகப் பொது நேரம் என்று நினைக்கிறது. நம் காலை 9 மணி உலகப் பொது நேரத்தில் 3.30. உபுண்டு இணையத்தில் நேரத்தைச் சரிபார்த்து, தன் வழக்கப்படி கடிகாரத்தைத் திருத்தி வைத்துவிட்டுப் போனது. அப்புறம் வந்த விண்டோஸ் அதை அப்படியே நம்பியது. லண்டனில் இருப்பவருக்குக் குளிர்காலத்தில் இந்தச் சிக்கல் கண்ணிலேயே படாது. அங்கே இரண்டு நேரமும் ஒன்றுதான்.

இப்படி ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை வைப்பதற்கு டூயல் பூட் என்று பெயர். இரண்டும் சேர்ந்து ஓடுவதாகச் சிலர் நினைக்கிறார்கள். அது, ஒரு இயங்குதளத்துக்குள் இன்னொன்றை ஓட்டும் மெய்நிகர் கணினியின் வேலை. அங்கே ரேமை இருவருக்கும் பங்கு போட வேண்டும். டூயல் பூட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். ஒரே வீட்டில் இருவர் முறை வைத்துக் குடியிருக்கிறார்கள், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் போகும்போது எதை எப்படி விட்டுப்போனாரோ, அது மட்டும்தான் அடுத்தவருக்குத் தெரியும். டூயல் பூட்டில் வரும் தொல்லைகளில் பாதி இப்படி முளைப்பவைதான்.

சரி, யார் முறை என்று முடிவு செய்வது யார்?

பவர் பட்டனை அழுத்திய கணத்தில் பிராசஸருக்கு விண்டோஸும் தெரியாது, லினக்ஸும் தெரியாது. டிஸ்க் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ரேம் காலி. தெரிந்தது ஒரே ஒரு முகவரி. இன்று வீடுகளில் இருக்கும் இன்டெல் பிராசஸர்களில் அது 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழே இருக்கும் இடம். முதல் கட்டளையை அங்கிருந்து எடு என்று பிராசஸரின் வடிவமைப்பிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த முகவரி ரேமுக்குப் போகாமல் மதர்போர்டில் உள்ள ஃபிளாஷ் சிப்புக்குப் போகிறது. அந்தச் சிப்பில் இருக்கும் மென்பொருள்தான் ரேமைத் தயார்செய்து, கீபோர்டையும் திரையையும் எழுப்பி, அப்புறம் டிஸ்க்கைத் தேடிப் போகிறது. பழைய கணினிகளில் இதன் பெயர் பயாஸ், இப்போது யுஇஎஃப்ஐ.

பயாஸ் காலத்து ஏற்பாட்டை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. டிஸ்க்கின் முதல் 512 பைட்டை மட்டும் படித்து ரேமில் போட்டு, 'இனி உன் பாடு' என்று பொறுப்பை அதனிடம் தூக்கிக் கொடுத்துவிடும். 1983-ல் பிசி டாஸ் 2.0-வோடு வந்த முறை இது. அந்த 512-ல் 64 பைட் பார்ட்டிஷன் (டிஸ்க்கின் பிரிவு) அட்டவணைக்கு, 2 பைட் அடையாளக் குறிக்கு. மீதி 446 பைட்டில்தான் தொடக்க நிரல் முழுவதும் அடங்க வேண்டும். யூனிகோடில் (யுடிஎஃப்-8 முறையில்) 'அம்மா' என்று எழுதவே 15 பைட் ஆகும். இடைவெளி விடாமல் எழுதினாலும் 446-க்குள் 29 அம்மாதான் கொள்ளும். லினக்ஸை எழுப்பும் க்ரப் போன்ற துவக்கிகள் இந்த இடத்தில் ஒரு சிறு துண்டை மட்டும் வைத்து, மீதியைப் பக்கத்தில் இருந்த காலிப் பகுதியில் ஒளித்து வைத்தன. முதல் துண்டுக்குத் தெரிந்ததெல்லாம் அடுத்த துண்டு இருக்கும் இடம்தான்.

"முதலில் விண்டோஸ், அப்புறம் லினக்ஸ்" என்று பெரியவர்கள் சொல்லி வந்ததற்குக் காரணம் இந்த 446 பைட்தான். இருப்பது ஒரே நாற்காலி. விண்டோஸை நிறுவினால் அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்காமல் தன் நிரலை எழுதிவிடும். லினக்ஸ் டிஸ்க்கில் பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் அதற்குப் போகும் வழி அழிந்திருக்கும். லினக்ஸ் பின்னால் வந்தால் அதன் துவக்கி விண்டோஸையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும்.

யுஇஎஃப்ஐ இந்த நாற்காலிச் சண்டையைப் பெரும்பாலும் முடித்துவைத்தது. அதற்கு டிஸ்க்கில் உள்ள கோப்புகளைப் படிக்கத் தெரியும். ஃபேட்32 வடிவில் ஒரு சிறு பார்ட்டிஷன், அதற்குள் மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர். யாரை முதலில் அழைப்பது என்ற வரிசை மதர்போர்டின் அழியா நினைவகத்தில் இருக்கும். லினக்ஸைப் போட்ட பிறகும் கணினி நேராக விண்டோஸுக்கே போகிறதா? பதறி மறுபடி நிறுவ வேண்டாம். பெரும்பாலும் வரிசை மாறியிருக்கும், அவ்வளவுதான். யுஇஎஃப்ஐ அமைப்புக்குள் போய் உபுண்டுவை மேலே ஏற்றினால் போதும்.

தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல கணினிகளில் விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. நம் ஊரில் பலருக்கு டூயல் பூட் அறிமுகமானது அந்தத் தேர்வுத் திரையில்தான். பாஸைத் திறந்தே பார்க்காதவர்களும் உண்டு, அது வேறு கதை.

இனி லினக்ஸுக்கு இடம் ஒதுக்குவது. சி டிரைவில் 200 ஜிபி காலி என்று காட்டும். சுருக்கப் போனால் விண்டோஸ் அதில் ஒரு பங்கைத்தான் விட்டுக்கொடுக்கும். நகர்த்த முடியாத சில கோப்புகள் நடுவழியில் உட்கார்ந்திருப்பதே காரணம். ஹைபர்னேஷன் கோப்பு, பேஜ் ஃபைல், ரீஸ்டோர் பாயின்ட்டுகள் போன்றவை. இவற்றைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு முயன்றால் கூடுதல் இடம் கிடைக்கும். சுருக்கும் வேலையை விண்டோஸின் கருவியிலேயே செய்யுங்கள். அதற்கு முன் முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். இதில் சோம்பல்பட்டு ஒருமுறை நான் குடும்பப் படங்களை இழந்திருக்கிறேன்.

மிக மோசமான பொறி என்று நான் நினைப்பது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8-லிருந்து இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுதாகப் படுப்பதில்லை. நம் நிரல்களை மூடிவிட்டு, தன் மையப் பகுதியான கருவின் (கெர்னல்) நினைவை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு கண்ணை மூடுகிறது. காலையில் அதையே திரும்ப ஏற்றுவதால் வேகமாக எழுகிறது. அதுவரை சி டிரைவ் அதன் கணக்கில் இன்னும் திறந்துதான் இருக்கிறது. நடுவில் லினக்ஸ் வந்து அந்த டிரைவில் ஒரு கோப்பை எழுதினால், விழித்தெழும் விண்டோஸ் பழைய கணக்கை நம்பி அதன்மேல் எழுதும், கோப்புகள் சிதையும். அதனால்தான் லினக்ஸ் பொதுவாக அந்த டிரைவைப் படிக்க மட்டும் விடும், இல்லையென்றால் திறக்கவே மறுக்கும். வம்பு செய்கிறது என்று திட்டாதீர்கள், உங்கள் கோப்புகளைக் காப்பாற்றத்தான் பார்க்கிறது. விண்டோஸின் பவர் அமைப்பில் இந்த வசதியை அணைத்துவிட்டால் சிக்கல் தீரும். வேடிக்கை என்னவென்றால், ரீஸ்டார்ட் கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணைந்து எழும், ஷட்டவுன் கொடுத்தால்தான் அரைத்தூக்கம்.

டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரையும் மறக்கக் கூடாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் பல மடிக்கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்ளும், உரிமையாளருக்கே தெரியாது. பூட்டின் சாவி டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பில் இருக்கிறது. கணினி எழும் பாதை வழக்கம்போல இருந்தால்தான் சிப் சாவியைத் தரும். செக்யூர் பூட்டை (நம்பகமான கையொப்பம் உள்ள துவக்கியை மட்டும் ஓடவிடும் யுஇஎஃப்ஐ காவலை) அணைத்தாலோ துவக்கியை மாற்றினாலோ சந்தேகப்பட்டு, 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரை அணைத்த பிறகுதான் நிறுவும் பென் டிரைவைக் கையில் எடுக்க வேண்டும்.

செக்யூர் பூட்டை அணைத்தே ஆக வேண்டும் என்று சொல்பவர்கள் பத்தாண்டுக்கு மேல் பின்னால் இருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஷிம் என்ற சிறு நிரல் உபுண்டுவோடு வருகிறது. யுஇஎஃப்ஐ ஷிம்மை நம்புகிறது, ஷிம் க்ரப்பைச் சரிபார்க்கிறது, க்ரப் வழியாக வரும் லினக்ஸ் கருவும் சரிபார்க்கப்படுகிறது. இந்த நம்பிக்கைச் சங்கிலியும் அறுவதுண்டு. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட் பழைய துவக்கிகளைத் தடை செய்தபோது, டூயல் பூட் கணினிகளைத் தொடாது என்று சொல்லப்பட்டிருந்தும், பல கணினிகளில் லினக்ஸ் எழாமல் நின்றது.

அண்ணன் மகளின் கடிகாரத்துக்கு வருகிறேன். இருவரில் ஒருவர் இறங்கிவர வேண்டும். விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து அதைப் பொது நேரத்துக்கு மாற்றலாம். நான் போனிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்ததால் உபுண்டுவை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினோம். டெர்மினலில் ஒரே வரி. பிறகு அமைப்பைச் சரிபார்த்தபோது, கோடைகாலத்துக்காகக் கடிகாரத்தை முன்னும் பின்னும் தள்ளும்போது இந்த முறை குழப்பம் தரும் என்று உபுண்டு எச்சரித்தது. "இது என்ன சித்தப்பா?" என்றாள். இந்தியாவில் அந்த வழக்கமே இல்லை, விட்டுவிடு என்றேன்.