தோற்றுப்போன வினையூக்கிகளின் கணக்கும் வேண்டும்

மீத்தேனையும் ஆக்சிஜனையும் 700 முதல் 900 டிகிரி செல்சியஸில் தகுந்த வினையூக்கியின் மேல் செலுத்தினால் ஈத்தேனும் எத்திலீனும் கிடைக்கும். கெல்லரும் பாசினும் 1982-இல் வெளியிட்ட வழி இது. சிக்கல் என்னவென்றால், உருவாகும் எத்திலீன் மீத்தேனைவிட எளிதாக எரிந்து கரியமில வாயுவாகிவிடும். மீத்தேனில் 30 சதவீதம் வினைபுரிந்து, அதில் 70 சதவீதம் வேண்டிய பொருளாக மாறினால் விளைச்சல் 21 சதவீதம்தான். இதைவிட நல்ல வினையூக்கியைக் கணிக்க, பழைய சோதனைத் தரவுகளைக் கணினி மாதிரிக்குக் கற்பிக்கலாம். அதற்கு எப்படிப்பட்ட தரவு வேண்டும் என்பதே இங்கே கேள்வி.

இதற்குப் பேர்போன வினையூக்கி, சிலிக்காத் தாங்கியின் (வினையூக்கியைச் சுமக்கும் துளையுள்ள திடப்பொருள்) மேல் 2 சதவீதம் மாங்கனீசும் 5 சதவீதம் சோடியம் டங்ஸ்டேட்டும் ஏற்றியது. 10 கிராம் தயாரிக்க ஏறத்தாழ 9.2 கிராம் சிலிக்கா, 0.91 கிராம் மாங்கனீஸ் நைட்ரேட் டெட்ராஹைட்ரேட், 0.56 கிராம் சோடியம் டங்ஸ்டேட் டைஹைட்ரேட் தேவை. முதலில் சிலிக்காவின் துளைகள் எவ்வளவு நீரைக் குடிக்கும் என்று அளக்க வேண்டும். கிராமுக்கு 1 மில்லி என்றால், முதலில் மாங்கனீஸ் உப்பை 9.2 மில்லி நீரில் கரைத்து, கிளறிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அது உலர்ந்தபின் டங்ஸ்டேட்டையும் அவ்வாறே தனியாக ஏற்ற வேண்டும், ஏனென்றால் இரண்டையும் ஒன்றாகக் கரைத்தால் வீழ்படிவாகிவிடும். நீர் கூடினால் துளைக்குள் போகாத கரைசல் வெளியே உப்புப் படலமாகக் காயும். அவசரமாக உலர்த்தினாலும் உள்ளே போன உப்பு நீரோடு வெளிப்புறத்துக்கு வந்துவிடும். பிறகு காற்றில் சுடும்போது சோடியம் சிலிக்காவையே கிறிஸ்டோபலைட் என்ற படிகமாக மாற்றி, மேற்பரப்பைப் பெருமளவு குறைத்துவிடும். வேறு வினையாக இருந்தால் இது கேடு. இங்கே நன்மை, ஏனென்றால் பரப்பு மிகுந்தால் எத்திலீன் எரிவதும் மிகும்.

ஆகவே மாதிரிக்குக் கொடுக்கும் தரவு அட்டவணையில் தனிமங்களின் பெயரை மட்டும் ஏற்றினால் போதாது. தாங்கி, சுட்ட வெப்பநிலை, வாயு விகிதம், ஓட்ட வேகம் எல்லாம் இருக்க வேண்டும். பழைய ஆய்வுக் கட்டுரைகளில் இவற்றில் பாதி இருக்காது.

பெர்லினின் ஃபிரிட்ஸ் ஹாபர் நிறுவன ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, அத்தகைய கட்டுரைகளிலிருந்து திரட்டிய சுமார் 1,870 பதிவுகளைப் புள்ளியியல் முறையில் அலசியது. பயனுள்ள வேலைதான். ஆனால் கட்டுரையாக வருவது பெரும்பாலும் ஜெயித்த வினையூக்கி. தோற்றவை குறிப்பேட்டிலேயே கிடக்கும். சோடியம், மாங்கனீஸ், டங்ஸ்டன் மூன்றும் எப்போதும் சேர்ந்தே வந்தால், பலன் எதனால் என்று எந்தக் கணினியாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தாரும் ஜப்பான் மேம்பட்ட அறிவியல் தொழில்நுட்ப நிலையத்தாரும் இதை வேறு வழியில் அணுகினர். பல குழாய்களில் ஒரே நேரத்தில் சோதித்து, 59 வினையூக்கிகளுக்கு 12,708 தரவுப் புள்ளிகளை எடுத்து 2020-இல் வெளியிட்டனர். அடுத்து, 36,540 சேர்க்கைகளிலிருந்து 300-ஐக் குலுக்கல் முறையில் எடுத்துச் சோதித்தனர். என் கணிப்பில் இரண்டாவதுதான் துணிச்சலான வேலை. ஏனென்றால் குலுக்கலில் மட்டமானவையும் வரும். கணினி மாதிரி எதைத் தவிர்க்க வேண்டும் என்பதை அவற்றிடமிருந்துதான் கற்கும்.

12,708-ஐப் பெரிய எண் என்று நம்பிவிடக் கூடாது. வினையூக்கிக்குச் சுமார் 215 புள்ளிகள். வேதியியல் என்று பார்த்தால் 59 உதாரணங்களே. அட்டவணையின் வரிகளைக் கலைத்துப் போட்டு 80 சதவீதம் பயிற்சிக்கும் 20 சதவீதம் சோதனைக்கும் பிரித்தால், ஒரே வினையூக்கியின் 750 டிகிரி வரி பயிற்சியிலும் 800 டிகிரி வரி சோதனையிலும் விழும். கேள்வித்தாள் முன்பே வெளியான தேர்வு போல மதிப்பெண் குவியும். ஒரு வினையூக்கியின் எல்லா வரிகளையும் மொத்தமாக ஒதுக்கிவைத்துச் சோதித்தால்தான் உண்மை தெரியும். அப்போது மதிப்பெண் சரிவது வழக்கம்.

பல முடிவு மரங்களின் கணிப்பைச் சராசரியாக்கும் ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற கணினி மாதிரிக்கு இன்னொரு குறை உண்டு. பயிற்சி வரிகளின் சராசரியைத்தான் அது விடையாகத் தரும். பயிற்சியில் அதிகபட்ச விளைச்சல் 20 சதவீதம் என்றால், 25 தரக்கூடிய புதிய சேர்க்கைக்கும் 20-ஐத் தாண்டிச் சொல்லாது. அதனால் அடுத்துச் செய்ய வேண்டியவற்றில் சிலவற்றை அது உயர்வாகக் கணித்த சேர்க்கைகளிலிருந்தும், சிலவற்றை மரத்துக்கு மரம் கணிப்பு முரண்படும் சேர்க்கைகளிலிருந்தும் எடுப்பது நல்லது.

வினையூக்கி இல்லாத வெற்றுக் குழாயையும் அதே வரிசையில் ஓட்ட வேண்டும். 800 டிகிரியில் வாயுக்கள் தாமாகவே ஓரளவு வினைபுரியும். உள்ளே போன கார்பனும் வெளியே வந்த கார்பனும் 5 சதவீதத்துக்கு மேல் வேறுபடும் வரியை மாதிரிக்குக் கொடுக்காமல் இருப்பதே மேல்.