சுண்ணாம்பும் ஹொப்ஸும்

மாசி மாதம் ஒருநாள் ஸ்காபரோவில் இருக்கும் மச்சான் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். குசினி மேசையில் மூன்று காகிதப் பைகள், மூன்றின் அடியிலும் கொஞ்சம் கொஞ்சம் தானியம். பக்கத்தில் வாய் கட்டிய ஒரு சின்னப் பொதி ஹொப்ஸ், பியருக்குக் கசப்புத் தரும் பூ. "எல்லாம் மிஞ்சிக் கிடக்குது மச்சான், எறிய மனமில்லை. ஒரு நாலு லீற்றர் பியர் வரும் எண்டு நினைக்கிறன். நீ இரசாயனம் படிச்சனிதானே, கலந்தால் சரி வருமோ?"

கனடாவில் சொந்தப் பாவனைக்கு வீட்டில் பியர் காய்ச்சுவது குற்றமில்லை. யாழ்ப்பாணத்தில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதைச் செய்ய முடியாது; 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஆகவே பானை அங்கே, பேச்சு மட்டும் இங்கே. ஆனால் அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் எனக்கு வந்த உதாரணமெல்லாம் பனையிலிருந்துதான் வந்தது.

பனையில் வேலை குறைவு, அதனால் அங்கிருந்தே தொடங்கலாம். பின்னேரம் சீவல்காரர் ஏறி, பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவி, முட்டியைக் கட்டிவிட்டு இறங்குவார். இரவு முழுக்க அதற்குள் சொட்டுவது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சீனி கரைந்த நீர். நாம் தேத்தண்ணிக்குப் போடும் அதே சுக்குரோசு. அதைத் தின்ன வேண்டிய மதுவத்தையும் (ஈஸ்ட்) யாரும் தேடிப் போக வேண்டியதில்லை. முட்டியின் மண்சுவரில், பாளையில், இனிப்புக்கு மொய்க்கும் பூச்சியின் காலில் அது ஏற்கெனவே இருக்கிறது. தன் கலச்சுவரில் வைத்திருக்கும் இன்வேற்றேசு என்ற நொதியத்தால் (என்சைம்) சுக்குரோசைக் குளுக்கோசு, புருக்டோசு என்று இரண்டாக உடைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. பிறகு ஒவ்வொரு மூலக்கூறிலிருந்தும் இரண்டு எதனோலும் இரண்டு காபனீரொட்சைட்டும் வெளியே வருகின்றன. விடிய இறக்கும்போதே முட்டி நுரைத்துக்கொண்டிருக்கும்.

பார்லி இப்படி இலகுவில் இணங்காது. அதற்குள் இருப்பது மாப்பொருள். ஆயிரக்கணக்கான குளுக்கோசு கோர்த்த சங்கிலி. மதுவத்தின் வாய்க்குள் அது போகாது. பார்லி மாவைக் கரைத்து மதுவத்தைப் போட்டு ஒரு மாதம் வைத்திருந்தாலும் பியர் வராது, புளித்த கஞ்சிதான் மிஞ்சும்.

அந்தச் சங்கிலியை வெட்டும் கத்தி வெளியிலிருந்து வருவதில்லை. விதையே அதைச் செய்து வைத்திருக்கிறது, முளைக்கும்போது. பனங்கொட்டைப் பூரான் தின்ற எவருக்கும் இது தெரியும், பெயர்தான் தெரியாது. காய்ந்த பனங்கொட்டையை வெட்டினால் உள்ளே பருப்பு கல்லுப்போல இருக்கும், பல்லு இறங்காது. அதே கொட்டையைப் பாத்தியில் போட்டு முளைவிட்ட பிறகு பிளந்தால் உள்ளே பஞ்சுபோல, இனிப்பாகப் பூரான். முளை தன் சாப்பாட்டுக்காகக் கல்லைக் கரைத்துச் சீனியாக்குகிறது. (பனங்கொட்டையின் சேமிப்பு மாப்பொருள் அல்ல, வேறொரு நீண்ட சங்கிலி. கதை ஒன்றுதான்.) பார்லியை ஊறவைத்து, சில நாள் முளைக்கவிட்டு, நொதியங்கள் தயாரானதும் சூடு காட்டி முளையை மட்டும் கொன்றுவிடுவார்கள். கத்திகள் பத்திரமாக உள்ளே இருக்கும். அதுதான் மோல்ட். குரக்கனை முளைகட்டிக் காயவைத்து மாவாக்கினாலும் நடப்பது இதுவே.

மச்சானுடைய மூன்று பைகளின் பிரச்சினை இங்கேதான் இருந்தது. மிஞ்சியதை எல்லாம் கொட்டிக் கலக்கினால் கறி வரும். பியர் வருவது நிச்சயமில்லை. முதல் பையில் 600 கிராம் வெளிர் மோல்ட். மெதுவாகக் காயவைத்தது, கத்தி உள்ளது. இரண்டாவதில் 150 கிராம் கரமல் மோல்ட். நிறமும் மணமும் உண்டு, ஆனால் ஈரத்தோடு கடுஞ்சூட்டில் வைத்ததால் நொதியம் எல்லாம் செத்துவிட்டது. மூன்றாவதில் 250 கிராம் ஓட்ஸ். அது முளைக்கவே இல்லை. ஆக, வெட்டத் தெரிந்தது ஒரு பைதான். மற்ற இரண்டும் வெட்டுப்பட வந்தவை. நல்லவேளை, வெளிர் மோல்ட் தன் பங்கையும் வெட்டி, தன்னளவு வேறு தானியத்தையும் வெட்டக்கூடியது. கலவையில் அது பாதிக்கு மேல் இருந்தால் பயமில்லை. அவனிடம் அறுபது வீதம் இருந்தது.

"அம்மா அனுப்பின குரக்கன் மாவிலும் கொஞ்சம் போடட்டோ?" என்று கேட்டான். போடலாம், ஆனால் முதலில் தனியாகக் கஞ்சியாகக் காய்ச்ச வேண்டும். மாப்பொருள் தண்ணீரில் ஊதி இளகினால்தான் நொதியம் அதற்குள் நுழையும். பார்லியுடையது 60 பாகைக்குக் கொஞ்சம் மேலேயே இளகிவிடும். அரிசிக்கும் குரக்கனுக்கும் அதைவிடக் கூடிய சூடு வேண்டும், அந்தச் சூட்டில் நொதியம் தாங்காது. ஓட்ஸ் ஆலையிலேயே ஆவியில் வெந்து தட்டையானது என்பதால் நேரே போடலாம். கஞ்சி வேலை என்றதும் குரக்கன் ஆசை அவனுக்கு அடங்கிவிட்டது.

இனிச் சூடுதான் எல்லாம். நொறுக்கிய தானியத்தைச் சுடுதண்ணீரில் போட்டு 66 பாகையில் ஒரு மணித்தியாலம் மூடி வைக்க வேண்டும். ஏன் 66? அங்கே இரண்டு நொதியங்கள் வேலை செய்கின்றன. பீற்றா அமிலேசு சங்கிலியின் நுனியிலிருந்து பயற்றங்காய் நறுக்குவதுபோல ஒரே அளவில், இரண்டிரண்டு குளுக்கோசாக, மோல்ற்றோசு என்று வெட்டிக்கொண்டு வரும். அதற்குப் பிடித்தது 60 முதல் 65 பாகை வரை. அல்பா அமிலேசு கோடாலிக்காரன் மாதிரி நடுவில் கண்ட இடத்தில் போடும். 70 பாகையிலும் சளைக்காது. சூட்டைக் குறைத்தால் பயற்றங்காய்க்காரர் வெல்வார், சீனி கூடும், அதை மதுவம் தின்று தீர்த்துவிட, பியர் தண்ணிபோல வரும். கூட்டினால் மதுவம் தொட முடியாத துண்டுகள் மிஞ்சும், வாயில் கனம் தெரியும். 66 இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சமாதானம். முடிந்ததா என்று பார்க்க ஒரு சொட்டை வெள்ளைப் பீங்கானில் விட்டு அயடின் போட்டால் போதும். கருநீலம் வந்தால் மாப்பொருள் இன்னும் இருக்கிறது. ஒடியல் மாவில் அயடின் விட்டுப் பள்ளிக்கூடத்தில் பார்த்தோமே, அதே நிறம். ஆய்வுகூடம் வேண்டாம் என்றால் ஒரு பிடி சோற்றைக் கொஞ்ச நேரம் மென்றுகொண்டிருங்கள். லேசாக இனிக்கும், உமிழ்நீரிலும் ஓர் அமிலேசு உண்டு. அந்தீசு மலைப்பகுதியில் சோளத்தை மென்று துப்பிச் சிச்சா என்ற மதுவைச் செய்ததும் இந்தக் கணக்கில்தான்.

ஒரு மணித்தியாலம் கழித்து வடித்தால் கிடைப்பது இனிப்பான தவிட்டு நிறத் தண்ணீர். அதாவது இவ்வளவு பாடுபட்டு, பாளையிலிருந்து சொட்டும்போதே பனை எங்கே நிற்கிறதோ அங்கே பார்லி வந்து சேர்ந்திருக்கிறது.

இனிப்பு நீர் கிடைத்தால் அதற்கு மதுவம் மட்டும் வருவதில்லை. கள்ளு முட்டிக்குள் லக்ரிக் அமில பற்றீரியா, அசற்றிக் அமில பற்றீரியா எல்லாம் பந்திக்கு உட்கார்ந்துவிடும். கள்ளின் புளிப்பு அவற்றின் வேலை. அந்தப் பால்வெள்ளை நிறம் இவற்றோடு மதுவக் கலங்களும் மிதப்பதால் வருவது. காலையில் இனிப்பாக இருந்தது பின்னேரம் புளித்து, சில நாளில் வினாகிரியாகிவிடும். இதைத் தடுக்க எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த வழி முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசுவது. நீர் கடுமையாகக் காரமாகிவிட, மதுவமும் பற்றீரியாவும் ஒரேயடியாக முடங்கிவிடும். கருப்பணி (புளிக்காத இனிப்பு நீர்) கருப்பணியாகவே இறங்கும், பனங்கட்டியும் காய்ச்சலாம்.

ஹொப்ஸ் செய்வது வேறு. அது ஒரு கொடியின் பூ, கஞ்சாவின் குடும்பம். அதன் பிசினிலுள்ள அல்பா அமிலங்கள் தண்ணீரில் இலகுவில் கரையாது. ஒரு மணித்தியாலம் கொதித்தால் வடிவம் மாறி, கரைந்து, கசப்பாகும். அந்தக் கசப்பு லக்ரிக் அமில பற்றீரியா போன்றவற்றின் கலமென்சவ்வைக் குழப்பி அவற்றை வளரவிடாது. மதுவத்துக்கோ ஒன்றும் ஆகாது. சுண்ணாம்பு கதவை எல்லோருக்கும் சாத்துகிறது, ஹொப்ஸ் ஆள் பார்த்து விடுகிறது. கருப்பணி வேண்டியவனுக்கு முதலாவது, பியர் வேண்டியவனுக்கு இரண்டாவது.

மச்சானின் பொதியோ திறந்து இரண்டு வருடம். காற்றுப்பட்ட ஹொப்ஸில் அல்பா அமிலம் குறைந்துகொண்டே போகும், பழைய சீஸ் மணமும் வரும். "காலுறை மணக்குது" என்றான். பெல்ஜியத்தில் லம்பிக் என்ற புளிப்புப் பியர் செய்பவர்கள் வேண்டுமென்றே பழைய ஹொப்ஸ் போடுகிறார்கள், கசப்பில்லாமல் காவல் மட்டும் கிடைக்கட்டும் என்று. அவனுக்கு அந்தப் பெருமை வேண்டியிருக்கவில்லை. கடையில் புதிது 15 கிராம் வாங்கிவரச் சொன்னேன்.

கொதித்ததை விரைவாக ஆறவைக்க வேண்டும். பானையைப் பல்கனிப் பனிக்குள் புதைத்தானாம். பனியை நம்பியது பிழை. சுற்றியுள்ள பனி உருகிப் பானைக்கும் பனிக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிடும், மிச்சப் பனிக்குள்ளும் காற்றுத்தான் நிறைய, போர்வை போர்த்தியதுபோல. தொட்டியில் ஐஸ் தண்ணீர் விட்டு அதில் வைத்திருந்தால் பாதி நேரத்தில் முடிந்திருக்கும்.

பிறகு மதுவம். 1516இல் பவேரியாவில் போட்ட பியர்ச் சட்டம் தண்ணீர், பார்லி, ஹொப்ஸ் மூன்றையும் சொல்லி மதுவத்தை விட்டுவிட்டது. அப்படி ஓர் உயிர் இருப்பதே தெரியாது. முந்தின பானையின் அடிமண்டியை அடுத்த பானையில் ஊற்றினால் வேலை நடக்கும் என்பது மட்டும் தெரியும். அப்ப மாவுக்கு ஒரு கரண்டி கள்ளு விட்ட எங்கள் ஆச்சிமாருக்குத் தெரிந்த அளவு. பஸ்தர் 1876இல் பியரைப் பற்றித் தன் ஆய்வை வெளியிட்ட பிறகு, 1883இல் கோப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹன்சன் ஒரே ஒரு கலத்திலிருந்து தூய மதுவத்தை வளர்த்தெடுத்தார். மச்சான் கிழித்துக் கொட்டிய பைக்கற் அந்த வழியில் வந்தது. அது 18 முதல் 22 பாகைக்குள் ஒழுங்காக நடக்கும். எங்கள் பங்குனி வெயிலில் வைத்தால் பழவாசனையும் தலையிடிக்கும் காட்டமும்தான் வரும். 30 பாகைக்கு மேலும் சலிக்காத மதுவம் ஒன்று உண்டு. வேடிக்கை என்னவென்றால் அது நோர்வேயின் பண்ணை வீடுகளில் இருந்து வந்தது, பெயர் க்வைக்.

தொடக்கத்தில் அடர்த்திமானி 1.048 காட்டியது (வெறும் தண்ணீர் என்றால் 1.000). இரண்டு கிழமையில் 1.012இல் நின்றது. வித்தியாசத்தை 131ஆல் பெருக்கினால் அற்ககோல் 4.7 வீதம், கள்ளும் ஏறத்தாழ இந்த அளவுதான். மிஞ்சிய 12 புள்ளி பெரும்பாலும் கோடாலிக்காரனின் துண்டுகள். போத்தலில் அடைக்கும்போது லீற்றருக்கு 6 கிராம் சீனி சேர்த்தான், மிச்ச மதுவம் அதைத் தின்று வாயு ஆக்கட்டும் என்று. அளவு பிசகினால் கண்ணாடி வெடிக்கும் என்பதால் ஒன்றை மட்டும் சோடாப் பிளாஸ்ரிக் போத்தலில் அடைக்கச் சொல்லியிருந்தேன். அழுத்திப் பார்த்தாலே உள்ளே எவ்வளவு என்று தெரியும். ஒன்பதாம் நாள் அது கல்லுப்போல இறுகிவிட்டது. எல்லாவற்றையும் பிரிட்ஜுக்குள் ஏற்றினான்.

வடித்த சக்கையை இங்கேயென்றால் மாட்டுக்குப் போட்டிருப்போம். அங்கே மாமி அதை ரொட்டி மாவில் குழைத்துவிட்டார். உமி தொண்டையில் குத்துகிறது என்று மாமா இரண்டு நாள் முறைத்தாராம்.