நான்-கம்பீட்: போட்டி என்ற பெயரில் ஒரு தடை

அமெரிக்காவில் வேலைக்குச் சேரும் நாளில் கையெழுத்துக்கு நீட்டப்படும் காகிதக் கட்டில் பல நேரம் 'நான்-கம்பீட்' என்றொரு பத்தி இருக்கும். இந்த வேலையை விட்டுப் போனால், இத்தனை மாதத்துக்கு, இத்தனை மைல் சுற்றளவில், இதே தொழில் செய்யும் வேறு நிறுவனத்தில் சேர மாட்டேன் என்று தொழிலாளி எழுதிக்கொடுக்கும் உறுதி அது. அந்நாட்டுத் தொழிலாளர்களில் ஐந்தில் ஒருவர், அதாவது சுமார் 3 கோடிப் பேர், இப்படிக் கட்டுப்பட்டிருப்பதாக, வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான மத்திய வணிக ஆணையம் கணக்கிட்டது.

தமிழில் இதைப் 'போட்டியிடாமை ஒப்பந்தம்' என்று எழுதலாம். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? நமக்குப் 'போட்டியிடுதல்' என்றால் முதலில் தேர்தல்தான். ஏதோ இரண்டு கட்சிகள் தொகுதி விட்டுக்கொடுக்கச் செய்துகொண்ட ஏற்பாடு என்றே நினைப்பார். தன் மகன் சாப்பாட்டுக் கடையில் போட்ட கையெழுத்து அது என்று ஒரு தாய்க்குப் புரியாது. அதனால்தான் இந்தச் சொல்லை வேர்வரை தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

'கம்பீட்' இலத்தீனிலிருந்து வந்தது. 'கொம்' என்றால் கூட, சேர்ந்து. 'பெட்டெரே' என்றால் தேடு, நாடு. இருவர் சேர்ந்து ஒன்றை நாடுவதுதான் மூலப்பொருள். ஒன்றையே இருவர் நாடினால் மோதல் வருமல்லவா, அப்படித்தான் பிற்கால இலத்தீனில் போட்டி என்ற பொருள் ஏறியது. நம் 'போட்டி'க்கும் அக்கம்பக்கத்தில் சொந்தங்கள் உண்டு; தெலுங்கில் 'போட்டீ', கன்னடத்தில் 'பைப்போட்டி' என்கிறார்கள். எந்த மொழியில் சொன்னாலும் போட்டிக்கு இரண்டு தரப்பு வேண்டும், இரண்டும் ஓரளவு ஈடாகவும் இருக்க வேண்டும். இந்தச் சொல்லின் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

2014-ல் ஒரு செய்தி வெளியானது. இல்லினாய் மாநிலத்தில் தொடங்கி நாடு முழுக்கக் கிளை பரப்பிய ஜிம்மி ஜான்ஸ் என்ற சாண்ட்விச் கடைத் தொடரின் ஒப்பந்தத்தில், வேலையை விட்ட பின் இரண்டு ஆண்டுகளுக்கு, அதன் எந்தக் கிளையிலிருந்தும் மூன்று மைலுக்குள், வருமானத்தில் பத்து விழுக்காட்டுக்கு மேல் சாண்ட்விச்சில் ஈட்டும் எந்தக் கடையிலும் வேலை செய்யக் கூடாது என்று இருந்தது. ரொட்டியை அறுத்து இறைச்சியும் காயும் அடுக்கித் தருகிற வேலை. அந்தத் தொழிலாளி யாரோடு போட்டியிடுகிறார்? அவரிடம் கடையும் இல்லை, முதலும் இல்லை. கை மட்டும்தான் இருக்கிறது. அந்தக் கையை அடுத்த தெருவில் மணிக்கு ஒரு டாலர் கூடுதலாகக் கேட்கிறார்கள் என்பதற்காக அவர் போகிறார். அதைப் 'போட்டி' என்று எழுதிவைத்தால், பலவீனமானவர் பலசாலியை வம்புக்கு இழுத்தது போலத் தொனிக்கிறது. 2016-ல் நியூயார்க், இல்லினாய் மாநிலத் தலைமை வழக்கறிஞர்கள் எடுத்த நடவடிக்கைக்குப் பிறகு நிறுவனம் அந்தப் பத்தியைக் கைவிட்டது.

ஆங்கிலச் சட்டத்துக்குள்ளேயே இதற்கு இன்னொரு பெயர் இருக்கிறது, இதைவிடப் பழையது, இதைவிட நேர்மையானது. 'ரிஸ்ட்ரெயின்ட் ஆஃப் டிரேடு'. தொழில் தடை. 1414-ல் இங்கிலாந்தில் ஜான் டையர் என்ற சாயத் தொழிலாளி மீது ஒரு வழக்கு வந்தது. அதே ஊரில் அரையாண்டு சாயம் போட மாட்டேன் என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். நீதிபதிக்கு வந்த கோபம் இன்றும் சட்டப் பாடங்களில் பேசப்படுகிறது. வழக்குப் போட்டவர் மட்டும் இங்கே நின்றிருந்தால், அரசருக்கு அபராதம் கட்டும்வரை அவரைச் சிறையில் வைத்திருப்பேன் என்ற பொருளில் கடிந்துகொண்டார். ஒருவனுடைய பிழைப்பைக் காகிதத்தில் எழுதிப் பறிப்பது அன்றைக்கு அவ்வளவு தகாத செயல்.

அப்புறம் எப்படி இது இவ்வளவு சாதாரணமானது? 1711-ல் வந்த மிட்சல் - ரெனால்ட்ஸ் வழக்குதான் திருப்பம். ரெனால்ட்ஸ் தன் ரொட்டிச் சூளையின் ஐந்தாண்டுக் குத்தகையை மிட்சலுக்கு மாற்றிக்கொடுத்து, அந்தக் காலம் முடியும்வரை அந்தத் திருச்சபை வட்டாரத்துக்குள் ரொட்டித் தொழில் செய்ய மாட்டேன், செய்தால் 50 பவுன் தருவேன் என்று எழுதிக் கொடுத்தார். இது நியாயமான அளவில் இருப்பதால் செல்லும் என்றது நீதிமன்றம். எனக்கும் அதில் குறை தெரியவில்லை. கடையைக் காசு கொடுத்து எடுத்தவருக்கு எதிரிலேயே பழைய முதலாளி கடை போட்டால் எடுத்தவர் என்ன ஆவார்? ஆனால் அதே தீர்ப்பு இந்த மாதிரித் தடைகளால் வரும் இரண்டு கேடுகளையும் சொல்லியிருக்கிறது. அந்த ஆளுக்கும் குடும்பத்துக்கும் பிழைப்பு போகிறது. ஊருக்கு ஒரு பயனுள்ள ஆள் போகிறார். கடையை விற்றவருக்காகச் செய்த விதிவிலக்கு, பிற்பாடு கடையில் கூலிக்கு நின்றவர் மீதும் பாய்ந்தது. விற்றவர் கையில் விலை இருந்தது. கூலிக்கு நின்றவருக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்ற விவாதமெல்லாம் தெளிவாகிவிடும்.

நம் பக்கத்துக்கும் இந்தக் கதையில் ஓர் இழை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டேவிட் டட்லி ஃபீல்ட் என்ற வழக்கறிஞர் நியூயார்க்குக்காக ஒரு சட்டத்தொகுப்பு வரைவைத் தயாரித்தார். அதில் தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்ற விதி இருந்தது. கலிஃபோர்னியா 1872-ல் அந்த விதியை எடுத்துக்கொண்டது. அதே 1872-ல் வந்த இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவும் அந்த வரைவிலிருந்து வந்ததுதான். ஒரே வரைவில் பிறந்த விதி இரண்டு கண்டங்களில் இன்றும் உயிரோடிருக்கிறது.

அமெரிக்காவின் மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் 'நியாயமான அளவில் இருந்தால் செல்லும்' என்ற நிலைதான். அதை மாற்றத்தான் மாநிலத் தலைநகரங்களில் தொழிலாளர் அமைப்புகள் மசோதாவோடு அலைகின்றன. உறுப்பினர் ஒருவரைப் பிடித்து மசோதாவைக் கொண்டுவரவைப்பது, குழு விசாரணையில் பாதிக்கப்பட்ட தொழிலாளியைப் பேசவைப்பது, பிறகு வரம்பு எண்ணில் பேரம், அதாவது எவ்வளவு சம்பளம் வரை வாங்குபவரிடம் இந்தப் பத்தி செல்லாது என்ற எண்ணில். இந்த எண்தான் உயிர்நாடி. 'குறைந்த கூலிக்காரர்' யார் என்று ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக வரையறுத்தது. இல்லினாய் 2017-ல் முதலில் வைத்தது மணிக்கு 13 டாலர் அல்லது குறைந்தபட்சக் கூலி, எது அதிகமோ அது. 2022 முதல் அதை ஆண்டுக்கு 75,000 டாலர் என்று உயர்த்திவிட்டது. நியூ ஹாம்ப்ஷயர் 2019-ல் மத்தியக் குறைந்தபட்சக் கூலியின் இரண்டு மடங்கு என்றது, அதாவது மணிக்கு 14.50 டாலர். மேய்ன் மாநிலம் மத்திய வறுமைக்கோட்டின் நான்கு மடங்கை எடுத்துக்கொண்டது. வாஷிங்டன் மாநிலத்தில் 2020-ல் அமலான சட்டம் 1,00,000 டாலரில் தொடங்கி ஆண்டுதோறும் ஏறும்படி அமைந்தது. மினசோட்டா இந்தக் கணக்கிலேயே இறங்கவில்லை. 2023 ஜூலை 1 முதல் கையெழுத்தாகும் எதுவும், சம்பளம் எவ்வளவானாலும், செல்லாது என்றது. எனக்குப் பிடித்தது இதுதான். எண் வைத்தால் அந்த எண்ணுக்கு ஒரு டாலர் மேலே நிற்பவர் சிக்கிக்கொள்வார்.

நிறுவனங்கள் சொல்லும் மறுப்பில் ஒரு நியாயம் இருக்கிறது: தொழில் ரகசியமும் வாடிக்கையாளர் பட்டியலும் எதிராளியிடம் போகக் கூடாது. ஆனால் ரகசியத்தைக் காக்கத் தனிச் சட்டம் இருக்கிறது, ரகசியம் காக்கும் ஒப்பந்தமும் தனியாக இருக்கிறது. வாயை மூடச் சொல்ல வேண்டிய இடத்தில் கையைக் கட்டுவானேன்?

இங்கே மொழிபெயர்ப்பவர்கள் தடுக்கி விழக்கூடிய ஒரு குழி உண்டு. இல்லினாய்ச் சட்டத்தின் பெயர் 'ஃப்ரீடம் டு ஒர்க் ஆக்ட்'. வேலை செய்யும் சுதந்திரச் சட்டம் என்று சொல்லலாம். இதற்கும் 'ரைட் டு ஒர்க்' என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 'ரைட் டு ஒர்க்' என்பது, தொழிற்சங்கத்துக்குக் கட்டணம் கட்டுவதை வேலைக்கு நிபந்தனையாக்கக் கூடாது என்னும் மாநிலச் சட்டங்களின் பெயர். 1947-இன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. அதை 'வேலைபெறும் உரிமை' என்று தமிழில் எழுதினால் தலைகீழாகிவிடும். அரசு எல்லோருக்கும் வேலை தருகிறது என்று படிக்கிறவர் நினைத்துக்கொள்வார். 'சங்கக் கட்டண விலக்குச் சட்டம்' என்று எழுதுங்கள், பொருள் நிற்கும்.

மத்திய வணிக ஆணையம் 2024 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் ஒரே தடை கொண்டுவர விதி போட்டது. ஆகஸ்டில் டெக்சாஸில் உள்ள மத்திய நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆகவே களம் மறுபடி மாநிலங்களிடமே வந்துவிட்டது.

சட்டம் வந்தால் மட்டும் போதுமா? போதாது. இந்தப் பத்தி நீதிமன்றத்தில் செல்லாது என்றாலும் தொழிலாளிக்கு அது தெரிவதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்ற பயத்தில் நல்ல வேலையை விடுகிறார். கலிஃபோர்னியாவில் நூற்றைம்பது ஆண்டுகளாகச் செல்லாத பத்தியைக்கூட நிறுவனங்கள் எழுதி வாங்கிக்கொண்டுதான் இருந்தன. அதனால் அங்கே புதுச் சட்டம் போட்டு, 2024 பிப்ரவரி 14-க்குள் 'நீங்கள் கையெழுத்திட்ட அந்தப் பத்தி செல்லாது' என்று அவரவருக்குத் தனித்தனியாக எழுதித் தெரிவிக்கும்படி நிறுவனங்களுக்கு உத்தரவிட்டார்கள். அப்படி ஒரு கடிதம் தமிழில் எழுத வேண்டுமானால் நாம் எந்தச் சொல்லைப் போடுவோம்?

'போட்டியிடாமை ஒப்பந்தம்' ஏன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 'போட்டித் தவிர்ப்பு' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தவிர்ப்பவர் தானே விரும்பித் தவிர்ப்பது போல இருக்கிறது. 'தொழில் தடை ஒப்பந்தம்' பழைய ஆங்கிலப் பெயருக்கு நேர். கடை விற்றவர் வழக்குக்கு அது பொருந்தும். கூலி வேலைக்காரருக்குச் சற்று அகலமாக இருக்கிறது, ஏனென்றால் இன்று 'தொழில்' என்றால் பலருக்கு முதலாளி நடத்தும் பிசினஸ்தான். கொத்தடிமை என்று சொல்லத் தோன்றும் ஆத்திரம் புரிகிறது. ஆனால் அது வேறு கொடுமை. அங்கே வெளியே போகவே முடியாது. இங்கே போகலாம், போன பிறகு தெரிந்த வேலையைச் செய்ய முடியாது. நாம் 'பாண்ட்' என்று சொல்வதும் வேறு. இரண்டு வருடம் இருக்க வேண்டும், முன்னதாகப் போனால் இவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்பது பாண்ட். இருந்து முடித்தால் அது தீர்ந்துவிடும். நான்-கம்பீட் நீங்கள் வெளியேறிய நாளில்தான் தொடங்குகிறது.

அப்படியானால் அது உண்மையில் எதைத் தடுக்கிறது? வேலை மாறுவதை. 'வேலைமாற்றத் தடை' என்பது என் தேர்வு. 'பணிமாற்றம்' என்று எழுதிவிடாதீர்கள். அது அரசு அலுவலகத்து இடமாற்ற உத்தரவு என்று பொருள்படும். 'ஒப்பந்தம்' என்பதையும் எல்லா இடத்திலும் ஒட்ட வேண்டியதில்லை. பெரும்பாலும் அது வேலை ஒப்பந்தத்துக்குள் இருக்கும் ஒரு நிபந்தனைதான். 'வேலைமாற்றத் தடை நிபந்தனை' என்றால் போதும். கடையையோ நிறுவனத்தையோ விற்றவர் எழுதிக்கொடுப்பதற்கு 'தொழில் தடை' என்ற பழைய சொல்லே இருக்கட்டும். ஆங்கிலம் இரண்டையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்புகிறது, தமிழில் இரண்டும் இரண்டாகவே நிற்கட்டும்.

அந்தக் கடிதத்தின் முதல் வரி அப்போது இப்படி வரும்: 'நீங்கள் கையெழுத்திட்ட வேலைமாற்றத் தடை நிபந்தனை செல்லாது. நீங்கள் விரும்பும் இடத்தில், இதே வேலையில், நாளைக்கே சேரலாம்.'