வேலை போகும்போது ஒரு தாளை நீட்டுவார்கள்: அனல்மின் நிலைய, பாய்லர் தொழிலாளர்களுக்கு

நிலக்கரியை விட்டு விலகும் ஊர்களுக்கு அரசு தனியாக நிதி தரப்போகிறதாமே என்று மேட்டூர்ப் பக்கம் கேட்கிறார்கள். அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். சுரங்க நிறுவனங்கள் கட்டுகிற மாவட்டக் கனிம அறக்கட்டளைப் பணம் சுரங்கம் தோண்டும் ஊருக்குத்தான். நிலக்கரி வருகிற ஒடிசாவின் தால்ச்சேருக்கு அது உண்டு, எரிக்கிற மேட்டூருக்கு இல்லை. இங்கே நான்கு 210 மெகாவாட் அலகுகளும் 1987-க்கும் 1990-க்கும் இடையில் ஓடத் தொடங்கியவை. பழசானது என்றைக்காவது நிற்கும். அன்றைக்கு நிரந்தர ஊழியருக்கு இடமாறுதல் கிடைக்கலாம். சாம்பல் அள்ளுகிற, கன்வேயருக்கு அடியில் கரி வழிக்கிற கான்ட்ராக்ட் ஆளுக்குச் சட்டத்தில் எழுதியிருப்பது மட்டுமே துணை. திருப்பூர், ஈரோட்டுச் சாயப்பட்டறைகளில் நிலக்கரி பாய்லர் பார்ப்பவர்களுக்கும் இதே கதைதான்.

எழுதியிருப்பது கொஞ்சமல்ல. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடப்பில் உள்ளன. ஆட்குறைப்பு என்றால் குறைந்தது ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், வேலை செய்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். அதோடு, வேறு வேலை கற்றுக்கொள்ள மறுதிறன் நிதி என்ற பெயரில் இன்னொரு 15 நாள் சம்பளம் 45 நாளுக்குள் உங்கள் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். இந்த நிதியைப் பற்றி யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை தனி. கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 13,000 ரூபாய், 12 வருட வேலை என்றால் 90,000 ரூபாய் வரும். சம்பளத்தில் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு பிடித்திருந்தால், ராஜீவ் காந்தி திட்டத்தில் வேலையில்லாக் காலப்படி 24 மாதம் வரை உண்டு. முதல் ஆண்டு சம்பளத்தில் பாதி, அடுத்த ஆண்டு கால்வாசி. குறைந்தது இரண்டு ஆண்டு இஎஸ்ஐ கட்டியிருக்க வேண்டும்.

இத்தனையும் ஒரே தாளில் போய்விடும். ஈரோட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் கரி பாய்லரை எடுத்தபோது, அங்கே வேலை பார்த்த ஐயா ஒருவர் மஞ்சப்பையோடு என்னிடம் வந்தார். கணக்கு முடிக்கிறோம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். தாளில் "சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்" என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தது. "படிக்கத் தெரிஞ்சிருந்தா போட்டிருப்பனுங்களா, தம்பி?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ராஜினாமா ஆகிவிட்டால் அது ஆட்குறைப்பே இல்லை. இழப்பீடு, மறுதிறன் நிதி, இஎஸ்ஐ படி மூன்றும் போச்சு. அவருக்கு மிஞ்சியது கிராஜுவிட்டியும் பிஎஃப்பும் மட்டும். புரியாத மொழியில் உள்ள தாளிலும் வெற்று வவுச்சரிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இன்று போட்டால்தான் செக் என்று மிரட்டினால், கையெழுத்துக்கு மேலேயே தமிழில் "நானாக விலகவில்லை, வேலை இல்லை என்று நிறுத்தினார்கள்" என்று எழுதி, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலை நியமனக் கடிதத்தையும் இன்றே பாருங்கள். முடியும் தேதி போட்ட கடிதம் என்றால், அந்தத் தேதியில் நிறுத்துவது ஆட்குறைப்புக் கணக்கில் வராது. ஆனால் அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வருட வேலைக்கே கிராஜுவிட்டி உண்டு. ஐந்து வருடம் ஆகவில்லையே என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் நகராதீர்கள்.

அடுத்த கண்ணி, கான்ட்ராக்டர் மாறுவது. ஆள் அதே ஆள், வேலை அதே வேலை, கேட் அதே கேட். புதிதாக வந்தவர் "எங்கிட்ட நீங்க ரெண்டு வருசந்தானுங்க" என்பார். பழையவர் போனை எடுக்க மாட்டார். நிர்வாகம் "கான்ட்ராக்டரைக் கேள்" என்னும். இந்த அலைக்கழிப்புக்கு 2012-இல் சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் அனல்மின் நிலைய வழக்கிலேயே பதில் சொல்லிவிட்டது: ஒப்பந்தத் தொழிலாளியின் கிராஜுவிட்டிக்கு ஆலையை நடத்துகிற முதன்மை நிர்வாகமே பொறுப்பு, கொடுத்துவிட்டுக் கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். ஆகவே மனுவில் கான்ட்ராக்டர், நிர்வாகம் இருவர் பெயரையும் எழுதுங்கள். ஒருவரை விட்டால் அந்த ஒருவரைக் காட்டித்தான் தட்டிக்கழிப்பார்கள்.

பிஎஃப்பில் இன்னும் மோசம். ஒவ்வொரு கான்ட்ராக்டரும் புது யுஏஎன் எண் (பிஎஃப் உறுப்பினர் எண்) போட்டிருப்பார். பென்ஷனுக்கு 10 ஆண்டு சேவை வேண்டும். மூன்று எண்ணில் நான்கு நான்கு வருடமாகச் சிதறிக் கிடந்தால், சேர்க்கும்வரை அது 12 ஆண்டு ஆகாது. கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் பென்ஷன் பணத்தை எடுத்துச் செலவழித்தவர்களுக்கு அந்த வருடங்கள் திரும்ப வராது. எடுக்காதீர்கள், பழைய கணக்கைப் புதிய கணக்குக்கு மாற்றுங்கள். வேலையே நின்றுவிட்டால் பென்ஷன் பணத்துக்குப் பதில் ஸ்கீம் சர்டிபிகேட் கேளுங்கள், சேவைக் காலம் அப்படியே நிற்கும்.

பெயரில் இனிஷியல் முன்னே பின்னே இருந்தாலே பிஎஃப் ஆபீஸ் திருப்பி அனுப்பும். 2017 அக்டோபருக்கு முன் வாங்கிய யுஏஎன் என்றால், திருத்தக் கான்ட்ராக்டரும் சேர்ந்து உறுதி கொடுக்க வேண்டும். அவர் டெண்டர் முடிந்து போனபின் எங்கே தேடுவீர்கள்? வேலையில் இருக்கும்போதே ஆதாரில் உள்ளபடி மாற்றிவிடுங்கள். மாதந்தோறும் 27-ஆம் தேதி மாவட்டத்தில் பிஎஃப் குறைதீர் முகாம் நடக்கும், நகல்களோடு போங்கள்.

கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனுவோடு நின்றுவிட வேண்டாம். அது சுற்றித் தொழிலாளர் துறைக்கே போகும், அதற்குள் மாதங்கள் ஓடிவிடும். கிராஜுவிட்டிக்கு வேலை நின்ற 30 நாளுக்குள் எழுத்தில் கேளுங்கள். ஆட்குறைப்பு வழக்குக்கு 2 ஆண்டுதான் கெடு. மனு கொடுத்தால் நகலில் சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால், போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். கேட் பாஸ், சம்பளச் சீட்டு, சம்பளம் ஏறிய பாஸ்புக் பக்கம் எல்லாவற்றையும் இந்த வாரமே படம் எடுத்து வீட்டில் ஒருவர் போனிலும் வைத்துவிடுங்கள். வேலை நிற்கிற அன்றைக்கு முதலில் திருப்பி வாங்குவது கேட் பாஸைத்தான்.